ஒன்பது வால் நரியும் நூறு நாள் காதலும்

வெயில் அடிக்கும்போதே மழையும் பெய்தால் "காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்" என்று சின்ன வயசில் கத்திக்கொண்டு தெருவில் ஓடியிருப்போம். ஏன் காக்கா, ஏன் நரி என்று கேட்டதில்லை. போன வருஷம் ஒரு நாள் அப்படி மழை பெய்தபோது இதே மழைக்கு மற்ற ஊர்களில் என்ன பெயர் என்று தேட ஆரம்பித்தேன். ஜப்பானிலும் நரிக் கல்யாணம்தான். அகிரா குரோசாவாவின் 'ட்ரீம்ஸ்' (1990) படத்தின் முதல் கதை அதைப் பற்றியதே. கொரியாவில் இதற்கு 'யோஉ-பி' என்று பெயர். யோஉ என்றால் நரி, பி என்றால் மழை. அங்கே கதை கொஞ்சம் சோகம். ஒரு மேகம் நரியைக் காதலித்ததாம். நரியோ புலியைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டது. மேகம் சூரியனுக்குப் பின்னால் மறைந்து நின்று அழுததாம். அந்த அழுகைதான் இந்த மழை.

நரிமழை என்ற இதே பெயரில் ஒரு கொரியப் பாட்டும் இருந்தது. லீ சுன்-ஹீ பாடியது. அது எந்த சீரியலில் வருகிறது என்று பார்க்கப் போய், பதினாறு எபிசோடையும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் கூட உட்கார்ந்துகொண்டாள். சீரியலின் பெயர் 'மை கேர்ள்ஃபிரண்ட் இஸ் எ கூமிஹோ'. எஸ்.பி.எஸ். சேனலில் 2010 ஆகஸ்ட் 11 முதல் செப்டம்பர் 30 வரை, புதன், வியாழன் என்று வாரம் இரண்டு எபிசோடாக ஓடியது. எழுதியவர்கள் ஹாங் ஜுங்-உன், ஹாங் மி-ரான் என்ற சகோதரிகள். பின்னால் 'ஹோட்டல் டெல் லூனா' (2019) எழுதியதும் இவர்கள்தான்.

இது காமெடி, காதல், மாயம் மூன்றும் கலந்த கதை. வெறுமனே சிரித்துவிட்டுப் போகலாம், தப்பில்லை. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு ஜோக்குக்கும் அடியில் ஒரு பழைய பேய்க்கதை இருக்கிறது. அது தெரிந்து பார்த்தால் ரசனை இரண்டு மடங்காகிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப் போவதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கூமிஹோ யார்?

கூ என்றால் ஒன்பது, மி என்றால் வால், ஹோ என்றால் நரி. சீன எழுத்துகளிலிருந்து வந்த சொல். ஒன்பது வால் நரி சீனாவின் பழைய நூலான 'ஷான் ஹாய் ஜிங்'கிலேயே வருகிறது. ஜப்பானுக்கும் போயிருக்கிறது. கொரியாவில் அதற்கு ஒரு தனி ஆசை ஒட்டிக்கொண்டது. அது மனுஷியாக மாற விரும்புகிறது.

கொரியக் கதைகளில் கூமிஹோ அழகான பெண் வேஷத்தில் வந்து மனிதர்களின் கல்லீரலைத் தின்னும். அது மனுஷியாவதற்குப் பல வழிகள் சொல்வார்கள். அதிகம் பேருக்குத் தெரிந்தது பத்து வருஷக் கதை. ஒருவன் காட்டில் கூமிஹோவைப் பார்த்துவிட்டுப் பிழைக்கிறான். "பார்த்ததை யாரிடமும் சொல்லாதே" என்று வாக்கு வாங்கிக்கொண்டு அது அவனை விட்டுவிடுகிறது. பிறகு ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து, குழந்தை குட்டியோடு வாழ்கிறான். பத்து வருஷம் முடிய ஒரே ஒரு நாள் இருக்கும்போது, ராத்திரி சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கையில் மனைவியிடம் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறான். மனைவிதான் அந்த நரி. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் மனுஷியாகியிருப்பாள்.

கே.பி.எஸ். சேனலில் 1977-ல் தொடங்கிய 'ஜொன்சோலே கோஹ்யாங்' என்ற தொடர் நாட்டுப்புறக் கதைகளை நாடகமாக்கிக் காட்டியது. கூமிஹோவை வீட்டுக்கு வீடு கொண்டு போனது அதுதான். வெள்ளை உடை, விரித்த தலைமுடி, வாயோரம் ரத்தம். கொரியாவில் பேய்ப் படத்துக்கும் பேய்த் தொடருக்கும் கோடைகாலம்தான் சீசன். பயத்தில் உடம்பு சில்லிட்டால் வெக்கை தெரியாது என்று கணக்கு.

அதனால் 2010 ஆகஸ்டில் ஒரு கூமிஹோ சீரியல் வந்தது ஆச்சரியமில்லை. அந்தக் கோடையில் கே.பி.எஸ்.ஸிலும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது நிஜமான பேய்க்கதை. பத்து வருஷக் கதையின் தொடர்ச்சியாக, கணவன் வாக்குத் தவறியதால் மகளோடு ஓடிவரும் ஒரு கூமிஹோ அம்மா. அவளுக்கு அடைக்கலம் தரும் பெரிய மனிதன், தன் மகளின் நோய் தீர நரிக்குட்டியின் கல்லீரல் வேண்டும் என்று திட்டம் போடுகிறான். கல்லீரலுக்கு அலைவது இங்கே மனிதன். ஒரு சேனலில் இந்த இருட்டு, இன்னொரு சேனலில் ஹாங் சகோதரிகளின் சிரிப்பு. இரண்டு பேரும் பழைய கதையைத் தலைகீழாகத்தான் புரட்டினார்கள்.

கதைச் சுருக்கம்

சா டே-உங் (லீ சுங்-கி) பணக்காரத் தாத்தா வளர்த்த பொறுப்பில்லாத பையன். சண்டைப் பட ஹீரோ ஆகணும் என்பது ஆசை. தாத்தாவிடமிருந்து தப்பி ஓடி ஒரு மலைக் கோயிலில் மாட்டிக்கொள்கிறான். அங்கே ஒரு பழைய ஓவியம். சம்சின் பாட்டியும் அவள் பக்கத்தில் ஒரு நரியும். சம்சின் என்பது பிள்ளைப்பேற்றுக்குக் காவல் நிற்கும் தெய்வம். ஓவியத்திலிருந்து ஒரு குரல், நரிக்கு வால் வரையச் சொல்கிறது. பயந்துபோய் ஒன்பது வால் வரைந்துவிடுகிறான். ஐநூறு வருஷமாக அடைபட்டிருந்த கூமிஹோ (ஷின் மின்-ஆ) வெளியே வந்துவிடுகிறாள்.

ஓடும்போது அவன் விழுந்து சாகும் நிலைக்குப் போகிறான். அவள் தன் உயிராக இருக்கும் நரிமணியை அவனுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறாள். அன்றிலிருந்து அவள் அவன் பின்னாலேயே வருகிறாள். அவளுக்கு வைத்த பெயர் கூ மி-ஹோ. கொரியாவில் கூ என்று குடும்பப் பெயர் உண்டு, மிஹோ பெண் பெயர் மாதிரி ஒலிக்கும். ஒருத்திக்கு 'பேய் மகள் பேய்' என்று பெயர் வைத்தும் யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி.

புரட்டிப் போட்ட விதிகள்

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். எந்தக் கதையைப் பார்த்தாலும் "இதன் விதிகள் என்ன, யார் அதை மீறலாம்" என்று மனசு கணக்குப் போடும். மாயக்கதைக்கு இந்தப் பழக்கம் ரொம்பப் பொருந்தும். விதி இல்லாத மாயம் சுவைக்காது. எதுவும் நடக்கலாம் என்றால் எதற்கும் பயப்பட வேண்டியதில்லையே. ஹாங் சகோதரிகள் பழைய விதிகளைத் தூக்கி எறியவில்லை. ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டே அதன் திசையை மாற்றினார்கள்.

முதலாவது, கல்லீரல். இந்த மி-ஹோ கல்லீரல் தின்பதில்லை. அவள் அழகைப் பார்த்து ஊர் ஆண்கள் மயங்கியதால், பொறாமைப்பட்ட பெண்கள் கட்டிவிட்ட வதந்தி அது. சம்சின் பாட்டி அவளுக்கு மாப்பிள்ளை தேடியபோது, வதந்தியைக் கேட்டு ஒருவனும் வரவில்லை. ஓவியத்துக்குள் அடைத்துவிட்டார்கள். அவளுக்குப் பிடித்தது மாட்டிறைச்சி. கொரியாவில் அது விலை அதிகம். டே-உங்குக்கோ தாத்தா காசு கொடுப்பதை நிறுத்திவிட்டார். தன்னைத் தின்றுவிடுவாள் என்ற பயத்தில் அவளுக்குக் கறி வாங்கிக் கொடுத்தே அவன் பை காலியாகிறது. பழைய கதையில் உயிர் போகும், இங்கே மாசச் செலவு எகிறுகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் சிரிக்கும் இடம் இதுதான்.

ஆனால் அந்த வதந்தியைப் பற்றி யோசித்தால் சிரிப்பு கொஞ்சம் நிற்கும். ஒருத்தியைப் பற்றி ஊர் பேசிய பேச்சு, ஐநூறு வருஷச் சிறை. கொரியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயந்து கேட்ட கதையே பொய் வதந்தி என்று இந்த சீரியல் முதல் நாளே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, மணி. 'யோஉ குசுல்' என்ற நரிமணிக் கதை கொரிய நாட்டுப்புறத்தில் பிரபலம். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பையனை அழகான பெண் தினமும் முத்தமிடுகிறாள். முத்தத்தில் ஒரு மணியை அவன் வாயில் வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். பையன் நாளுக்கு நாள் மெலிகிறான். வாத்தியார் விஷயத்தைக் கண்டுபிடித்து, "அடுத்த தடவை மணியை விழுங்கிவிட்டு முதலில் வானத்தைப் பார், அப்புறம் பூமியைப் பார்" என்கிறார். விழுங்கிய பையன் பதற்றத்தில் பூமியை மட்டும் பார்த்துவிடுகிறான். அதனால் பூமியில் உள்ளதெல்லாம் அவனுக்குத் தெரிந்தது, வானத்து ரகசியம் தெரியாமலே போனது.

அந்தக் கதையில் மணி பையனின் உயிரை உறிஞ்சும். சீரியலில் அதே மணி பையனின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. முத்தத்தில் கைமாறுவது மட்டும் மாறவில்லை. காதல் சீரியலில் முதல் முத்தம் எப்போது வரும் என்று எல்லாரும் காத்திருப்பார்கள். இங்கே முத்தம் என்பது உயிரைக் கொடுக்கல் வாங்கல். அடுத்த முத்தத்தில் யார் பிழைப்பார் என்பது கேள்வி. ஒரே காட்சியில் காதலும் ஆபத்தும் சேர்ந்து வர இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, நூறு நாள். பத்து வருஷ வாக்கு இங்கே நூறு நாள் ஒப்பந்தமாகிறது. அவன் மணியை நூறு நாள் உள்ளே வைத்திருந்தால் அதில் மனித சக்தி ஏறும். அவள் அதைத் திரும்ப வாங்கினால் மனுஷி ஆகலாம். அவனுக்கு என்ன லாபம்? மணி உள்ளே இருக்கும்வரை உடம்பு தேறும், சண்டைப் படத்தில் நடிக்கலாம். இரண்டு பேருக்கும் சுயநலம். ஒப்பந்தம் போட்டுக்கொண்டு காதலர் மாதிரி பழகுவது கொரிய சீரியல்களில் அடிக்கடி வரும் உத்திதான். ஆனால் இந்த நூறு என்ற எண் சும்மா வரவில்லை.

கொரியாவின் மூலக் கதையில் ஒரு கரடியும் ஒரு புலியும் மனிதராக வேண்டும் என்று ஹ்வானுங்கிடம் வேண்டுகின்றன. பூண்டும் மாசிபத்திரி மாதிரி ஒரு கசப்புக் கீரையும் கொடுத்து, நூறு நாள் வெளிச்சம் பார்க்காமல் குகையில் இருங்கள் என்கிறார். புலி பொறுக்க முடியாமல் ஓடிவிடுகிறது. கரடி பெண்ணாகிறது. அவள் மகன்தான் முதல் அரசன் டங்குன். 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி தொகுத்த 'சம்குக் யூசா'வில் இது இருக்கிறது. இன்றைக்கும் குழந்தை பிறந்த நூறாவது நாளைக் கொரியர்கள் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். காதலர்களும் பழக ஆரம்பித்த நூறாவது நாளைக் கொண்டாடுவார்கள். ஆக, விலங்கு மனுஷியாவது, குழந்தை பிழைத்து நிற்பது, காதல் நிலைப்பது, மூன்றுக்கும் ஒரே எண். கொரியப் பார்வையாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்குத்தான் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது.

அதே நூலில் இன்னொரு நரியும் உண்டு. சில்லா நாட்டில், இறந்துபோன ஒரு அரசனின் ஆவிக்கும் ஒரு பெண்ணுக்கும் பிறந்தவன் பிஹ்யோங். பாதி மனிதன், பேய்கள் அவன் சொன்னபடி கேட்கும். பேய்க் கூட்டத்திலிருந்து கில்-தால் என்பவனை அரசனுக்கு வேலையாளாகச் சேர்த்துவிடுகிறான். கில்-தால் ஒரு நாள் நரியாக மாறி ஓட, பிஹ்யோங் பேய்களை அனுப்பிப் பிடித்துக் கொல்கிறான். சீரியலில் பாக் டோங்-ஜு (நோ மின்-ஊ) என்ற கால்நடை மருத்துவர் வருகிறார். அவரும் பாதிதான் மனிதன். பல நூறு வருஷத்துக்கு முன் தான் காதலித்த ஒரு கூமிஹோவைத் தன் கையாலேயே கொன்றவர். அவள் முகம் அப்படியே மி-ஹோவின் முகம். அவள் பெயர் கில்-தால். பெயரைக் கேட்டதும் நான் எபிசோடை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் புரட்டப் போய்விட்டேன். "அப்பா, கதையைப் போடுங்க" என்று மகள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

யார் விலை கொடுப்பது?

மனுஷியாக வேண்டும் என்றால் மி-ஹோ முதலில் கூமிஹோவாகச் சாக வேண்டும். டோங்-ஜுவின் ரத்தத்தைக் குடித்ததிலிருந்து அவளுடைய வால்கள் ஒவ்வொன்றாக மறையும். ஒவ்வொரு தடவையும் சாவு வலி. ஒன்பது தடவை. டே-உங் பயப்படக் கூடாது என்று அந்த வலியை அவனிடம் மறைக்கிறாள். ஒரு வால் போகும் ராத்திரிக் காட்சியில்தான் மகள் கேட்டாள்: "அவளுக்கு நரியா இருக்கிறதுல என்னப்பா பிரச்சனை? அவன் வேணும்னா நரியா மாறட்டுமே. இவ எதுக்குச் சாகணும்?"

நான் பத்து எபிசோடாக விதிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கரடியும் குகைக்குள் உட்கார்ந்தது, பத்து வருஷ மனைவியும் காத்திருந்தாள். மனிதனோடு வாழ வேண்டும் என்றால் மாற வேண்டியது அந்தப் பக்கம்தான் என்பதை எல்லாக் கதையும் கேட்காமலே ஒத்துக்கொண்டிருக்கிறது. நானும்தான். சமாளிக்க ஏதோ சொன்னேன். "பார்ப்போம், கதை எப்படிப் போகுதுன்னு" என்று.

கதை அந்தக் கேள்வியை நோக்கித்தான் போகிறது. மணியைத் திரும்ப எடுத்தால் டே-உங் சாவான், எடுக்காவிட்டால் மி-ஹோ சாவாள். டோங்-ஜுவுக்கு இது முன்பே தெரியும். சொல்லாமல் மறைத்துவிட்டார். உண்மை தெரிந்தபின் அவள் அவனைக் காப்பாற்ற விலகி ஓடுகிறாள். அவன் அவளைக் காப்பாற்ற மணியைக் கொடுக்கத் துடிக்கிறான். கறிக்கடையில் பயந்து நடுங்கிய அதே பையன். "என்னைத் தின்னுடாதே" என்று ஆரம்பித்தவன் "என் உயிரை எடுத்துக்கோ" என்ற இடத்துக்கு வந்து சேர்கிறான். கேட்க சாதாரணமாக இருக்கும். லீ சுங்-கி அதை அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக நடித்திருக்கிறார்.

ஷின் மின்-ஆவைப் பற்றித் தனியாகச் சொல்லணும். ஐநூறு வருஷம் அடைபட்டு வெளியே வந்தவளுக்கு எல்லாமே புதுசு. சோடாவை 'குமிழித் தண்ணி' என்கிறாள். பொய் சொல்லத் தெரியாது, பசியை மறைக்கத் தெரியாது. மனித உலகத்தில் பழகப் பழக அவள் கற்றுக்கொள்வது மறைப்பது. வலியை மறைக்கிறாள், அழுகையை அடக்குகிறாள். காரணம், அவள் அழுதால் தெளிந்த வானத்திலிருந்து மழை கொட்டும். நரிமழை. வெளியே வெயிலில் மழை விழுவதைப் பார்த்து, எங்கோ அவள் அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பழைய கதையில் மேகம் அழுதது. இங்கே நரியே அழுகிறது.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் நாலைந்து எபிசோட் தவறான புரிதல்களிலேயே ஓடுகிறது. டே-உங்கை முன்பு ஒதுக்கிய பெண், மி-ஹோவின் ரகசியத்தைத் துப்பறியும் பகுதி இழுவை. வால்களின் கிராபிக்ஸ் 2010-ன் டிவி தரம். பின்னால் வந்த சீரியல்களின் பளபளப்பை எதிர்பார்க்கக் கூடாது.

அந்த முடிவு

நூறாவது நாள் மி-ஹோ மறைந்துபோகிறாள். டே-உங் காத்திருக்கிறான். பத்து வருஷக் கதையின் கணவன் கடைசி ஒரு நாள் பொறுக்கவில்லை. இவன் எவ்வளவு நாள் என்று தெரியாமலே பொறுக்கிறான். பிறகு ஒரு சூரிய கிரகணத்தன்று அவள் திரும்பி வருகிறாள்.

பேய்க்கதையாக இருந்தால் அவள் வராமலே போயிருப்பாள். வழக்கமான காதல் கதையாக இருந்தால் மனுஷியாக வந்திருப்பாள். இதில் வால்களோடு வருகிறாள். இன்னும் கூமிஹோதான். அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது ஏமாற்று வேலை மாதிரி பட்டது. பதினைந்து எபிசோடாக ஒரு விதியைக் கட்டிவிட்டு, பாட்டி தெய்வத்தின் கருணையால் அவிழ்ப்பது என் மாதிரி ஆளுக்கு உறுத்தும். என் புரோகிராமில் யாராவது இப்படிச் செய்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். மகளுக்கு உறுத்தவில்லை. "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்றாள்.

அப்புறம் யோசித்தபோது அவள் பக்கம்தான் நியாயம் இருந்தது. உடைந்த விதி ஒன்றே ஒன்று: கூட வாழ வேண்டுமானால் எங்களை மாதிரி மாறு என்பது. மற்ற விதிகள் எல்லாம் பழைய கதையிலிருந்து எடுத்துத் திருப்பிப் போட்டவை. இது மட்டும் முழுசாகக் கைவிடப்பட்டது. அதைக் கைவிடத் தகுதி வர, அவன் நூறு நாள் பயத்தைக் கடந்து, பிறகு கணக்கில்லாத நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. கரடிக்குக் குகை என்றால், இவனுக்கு இந்தக் காத்திருப்பு. இந்தத் தடவை மாறியவன் அவன்தான்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. முதல் இரண்டு எபிசோடை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது வெறும் துரத்தல் காமெடி. மி-ஹோ முதல் தடவை அழும் இடம் வரைக்கும் பாருங்கள். வெளியே வெயில் இருக்கும், மழையும் பெய்யும். அதற்கப்புறம் நிறுத்த மாட்டீர்கள்.